பூட்டிய போனுக்குக் காது எதற்கு?

தங்கச்சி, முதலில் ஒரு சோதனை. உன் போனை லாக் செய்து அண்ணியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கொடு. பின் நம்பரைச் சொல்லாதே, முகத்தைக் காட்டாதே, விரலை வைக்காதே. அவர் வாயால் மட்டும் ஐந்து வேலை ஏவட்டும். அம்மாவுக்குப் போன் போடச் சொல்லட்டும். கடைசியாக வந்த மெசேஜைப் படிக்கச் சொல்லட்டும். நாளைக்கு உனக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்கட்டும். யாருக்காவது வாட்சாப்பில் ‘அவசரம், கூப்பிடு’ என்று அனுப்பச் சொல்லட்டும். கடைசியாக, ஏரோபிளேன் மோடைப் போடச் சொல்லட்டும். ‘ஹேய் கூகள்’, ‘சிரி’ என்று கூப்பிட்டும் போன் பேசாமல் இருந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொல்லிப் பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் அது குரலைச் சரிபார்க்கும். பொத்தானை அழுத்திவிட்டால் யார் பேசினாலும் காது கொடுக்கும்.

இந்த ஐந்தில் பின் நம்பர் கேட்காமல் போன் எதையெல்லாம் செய்ததோ, அதையெல்லாம் உன் போனைக் கண்டெடுத்தவனும் செய்வான், திருடியவனும் செய்வான். ஐந்தாவதை ஏன் சேர்த்தேன் தெரியுமா? ஏரோபிளேன் மோட் விழுந்துவிட்டால் போன் வலைத்தொடர்பை இழந்துவிடும். நீ வேறொரு போனிலிருந்து அதைத் தேடிப் பிடிப்பதும், தூரத்திலிருந்தே பூட்டுவதும் அப்புறம் கஷ்டம்.

இப்போது பலருடைய போன்கள் நான்கு ஐந்து வருடத்துக்கு முந்தையவைபோல வெகுளியாக இல்லை. நிறைய விஷயங்களுக்கு ‘முதலில் திறங்கள்’ என்று சொல்லிவிடும். ஆனால் எந்தப் போன் எதற்குச் சொல்லும், எதற்குச் சொல்லாது என்பது மாடலுக்கு மாடல், அப்டேட்டுக்கு அப்டேட் மாறுகிறது. அதனால்தான் பட்டியல் போட்டுத் தராமல் சோதிக்கச் சொல்கிறேன்.

லாயாங் லாயாங் மாதிரி ஊரில் யார் போனிடம் பேசிக்கொண்டிருக்கப் போகிறார்கள், அதெல்லாம் கோலாலம்பூர்க்காரர்கள் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. ஜொகூரில் குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் செம்பனை. குலை வெட்டுகிறவருக்கும் உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்கும் கையில் உறை இருக்கும். உறையைக் கழற்றினாலும் பிசுக்கும் மண்ணும் போகாது. வருடக்கணக்கில் தோட்ட வேலை செய்த விரலில் ரேகையே தேய்ந்து போயிருக்கும், போனின் விரல்ரேகைக் கண்ணாடி எத்தனை முறை வைத்தாலும் ‘மறுபடி முயலுங்கள்’ என்றுதான் சொல்லும். மோட்டாரில் போகிறவர் ஹெல்மெட்டுக்குள் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு வழி கேட்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிமார் தமிழிலேயே பேசித் தேடுகிறார்கள். கூகள் 2017-இல் தமிழையும் குரல் தட்டச்சில் சேர்த்ததிலிருந்து அது சுலபமாகிவிட்டது. குரல் கட்டளை இங்கே ஆடம்பரம் இல்லை. ஆகவே ‘எல்லாவற்றையும் அணைத்துவிடு’ என்று சொல்லப் போவதில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. போன் திறந்து உன் கையில் இருக்கும்போது குரலால் எதை வேண்டுமானாலும் ஏவு. பூட்டியிருக்கும்போது குரலுக்கு ஒரு அதிகாரமும் கொடுக்காதே. வீட்டைப் பூட்டிவிட்டு உள்ளே ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைத்து, ‘யார் கேட்டாலும் கேட்டதை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடு’ என்று சொல்லிவிட்டுப் போவோமா? நிறைய பேருடைய போன் அப்படித்தான் இருக்கிறது. அவர்கள் வைத்ததில்லை. வாங்கும்போதே அப்படி வந்தது, இல்லையென்றால் யாரோ அப்படி வைத்துக் கொடுத்தார்கள்.

இந்த ‘யாரோ’ முக்கியம். நம் பக்கத்தில் பெரியவர்களுக்குப் போன் வாங்கினால் கடைத் தம்பியே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து கொடுத்துவிடுவார். நல்ல மனசுதான். ஆனால் என் பெரியப்பா போனில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. ‘ஹேய் கூகள் என்று மூன்று நான்கு தடவை சொல்லுங்கள்’ என்று போன் கேட்டபோது, வரிசையில் ஆள் நிற்கிற அவசரத்தில் தம்பி தானே சொல்லி முடித்துவிட்டார் போலிருக்கிறது. பெரியப்பா தொண்டை கிழியக் கத்தினாலும் அது அசையவில்லை. ‘போன் கெட்டுப் போச்சு’ என்று அவர் மூன்று மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். போன் நன்றாகத்தான் இருந்தது. அது கடைத் தம்பியை முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதைச் சரி செய்வது எளிது. கூகள் அசிஸ்டென்ட் செட்டிங்ஸில் ‘வாய்ஸ் மாட்ச்’ என்ற இடத்துக்குப் போய்ப் பழைய குரல் மாதிரியை அழித்துவிட்டு, சொந்தக்காரர் குரலைப் புதிதாகப் பதிய வேண்டும். உன் வீட்டுப் பெரியவர்கள் போனை அடுத்த முறை கையில் எடுக்கும்போது இதையும் பார்.

சொந்தக் குரலைப் பதிந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதா? இல்லை. அக்காவும் தங்கையும் இருக்கிற வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். நம் அத்தைமார் போன் செய்தால் பாதி நேரம் என்னை நீ என்றும் உன்னை நான் என்றும் நினைத்துத்தானே பேசுகிறார்கள். ரத்த சொந்தத்துக்கே பிரித்தறிய முடியாததை இயந்திரம் எப்போதும் பிரித்துவிடும் என்று நம்புவதற்கில்லை. உன்னுடைய குரலைப்போன்ற குரலோ, உன் குரலின் பதிவோ இதை ஏமாற்றிவிடலாம் என்று கூகளே எச்சரிக்கிறது. 2017 மே மாதம் பிபிசி செய்தியாளர் டேன் சிம்மன்ஸ் ஒரு சோதனை செய்தார். எச்எஸ்பிசி வங்கியில் கணக்குத் திறந்து, குரலையே கடவுச்சொல்லாகப் பதிந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் அவரைப்போலவே பேசிப் பார்த்தார். சில முயற்சிகளில் தோற்று, கடைசியில் உள்ளே போய்விட்டார். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார், பணத்தை எடுக்கத்தான் முடியவில்லை. இத்தனைக்கும் அவர்கள் அச்சு அசல் ஒன்றான இரட்டையர்கூட இல்லை.

ஆகவே ‘என் குரலுக்கு மட்டும்தான் திறக்கும்’ என்ற பேச்சை விடு. போனில் குரலால் பூட்டைத் திறக்கும் வசதி இருந்தால் அதை முதலில் எடுத்துவிடு. பிளே ஸ்டோரில் கிடைக்கும் ‘வாய்ஸ் லாக்’ ஆப்கள் பார்க்க அழகாக இருக்கும். பூட்டாக அவற்றை நான் மதிப்பதில்லை. ஆறு இலக்க பின் நம்பர் ஆயிரம் மடங்கு மேல்.

இனி எங்கே எதை மாற்றுவது. ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ‘ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோட்’ என்ற பகுதிக்குப் போ. (பழைய ஐபோன் என்றால் ‘டச் ஐடி அண்ட் பாஸ்கோட்’.) கீழே இறங்கினால் ‘அலவ் ஆக்சஸ் வென் லாக்ட்’ என்று ஒரு வரிசை வரும். பூட்டியிருக்கும்போது எதெல்லாம் வேலை செய்யலாம் என்பதற்கான பட்டியல் அது. அதில் சிரியை அணை. அங்கேயே இருக்கும்போது, கண்ட்ரோல் சென்டரையும் மெசேஜுக்குப் பதில் அனுப்பும் வசதியையும் அணைத்துவிடு. ஆண்ட்ராய்டில் இடம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் சுருக்கு வழி சொல்கிறேன். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் ‘அசிஸ்டென்ட்’ என்று அடி. அதற்குள் ‘லாக் ஸ்கிரீன்’ என்ற தலைப்பைத் தேடு. பூட்டிய திரையில் பதில் சொல்வது, உன் சொந்த விவரங்களைக் காட்டுவது என்ற இரண்டும் அணைந்திருக்க வேண்டும். கூகளின் ஜெமினி ஆப் வைத்திருந்தால் அதன் செட்டிங்ஸிலும் இதே ‘லாக் ஸ்கிரீன்’ பகுதி தனியாக இருக்கும். ஒன்றை அணைத்தால் மற்றது தானாக அணையாது. சாம்சங் வைத்திருக்கிறவர்கள் அதன் சொந்த உதவியாளரான பிக்ஸ்பியின் செட்டிங்ஸில் ‘யூஸ் வைல் லாக்ட்’ என்பதையும் பார்க்க வேண்டும். பிக்ஸ்பியை ஒரு நாளும் பயன்படுத்தாதவர்கள் போனிலும் அது திறந்து கிடக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் அண்ணியைக் கூப்பிட்டு அந்த ஐந்தையும் மறுபடி சொல்லச் சொல். பெரிய அப்டேட் வந்த பிறகும் இன்னொரு முறை.

செட்டிங்ஸ் என்றாலே தலைவலி வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வித்தை. ஐபோனை மேஜையில் குப்புற வைத்தால் ‘ஹேய் சிரி’ என்ற அழைப்புக்கு அது சாதாரணமாகக் காது கொடுக்காது. காசு செலவில்லாத பாதுகாப்பு. இதற்கு இன்னொரு பலனும் உண்டு, போன் தவறுதலாக விழித்துக்கொள்ளாது. 2023-இல் வந்த ஐஓஎஸ் 17-இலிருந்து ‘ஹேய்’ இல்லாமல் வெறும் ‘சிரி’ என்றே கூப்பிடலாம் என்று வைத்துவிட்டார்கள். நாளெல்லாம் ‘சரி, சரி’ என்று பேசுகிற நம் வாய்க்கு இது நல்லதில்லை. 2018 ஜூலையில் பிரிட்டன் நாடாளுமன்றத்திலேயே இந்தக் கூத்து நடந்தது. தற்காப்பு அமைச்சர் கேவின் வில்லியம்சன் சிரியா நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய போனே குறுக்கே பேசத் தொடங்கியது. செட்டிங்ஸில் ‘ஹேய் சிரி’ என்றால் மட்டும் கேட்கும்படி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது காடி. காலையில் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிற வேன்களில் ஓட்டுநர் போன் புளூடூத்தில் இணைந்திருக்கும். யாருக்கோ மெசேஜ் வந்தால் வேன் முழுக்கக் கேட்கும்படி படித்துக் காட்டும். குடும்ப ரகசியம் போனால் வெட்கத்தோடு போய்விடும். வங்கியோ வாட்சாப்போ அனுப்பும் ஆறு இலக்கக் குறியீடு போனால்? நம் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரிலேயே வங்கிகளை எஸ்எம்எஸ் வழி டிஏசி எண்ணிலிருந்து விலகச் சொல்லிவிட்டது. பெரும்பாலான பணப் பரிமாற்றங்களுக்கு இப்போது வங்கியின் ஆப்பைத் திறந்துதான் ஒப்புதல் கொடுக்கிறோம். அது நல்லது, பூட்டிய போனில் குரலால் அதைச் செய்ய முடியாது. ஆனால் வாட்சாப் கணக்கை வேறு போனில் திறப்பதற்கான குறியீடு, கடை ஆப்களின் குறியீடு எல்லாம் இன்னும் எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது. ஆகவே மெசேஜைச் சத்தமாகப் படிக்கும் வசதியை, தனியாகக் காடி ஓட்டுகிறவர் வைத்துக்கொள்ளட்டும். ஆள் ஏற்றுகிற வண்டியில் வேண்டாம். நோட்டிபிகேஷனில் மெசேஜின் உள்ளடக்கம் பூட்டிய திரையில் தெரியாதபடியும் மாற்றிவிடு. வாட்சாப்பில் ‘டூ ஸ்டெப் வெரிபிகேஷன்’ பின் நம்பரைப் போட்டு வை. குறியீடு பறிபோனாலும் அந்த பின் நம்பர் தெரியாமல் கணக்கை எளிதில் எடுக்க முடியாது.

இந்த இடத்தில் கேட்கச் சுவாரசியமான சில கதைகளைச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதக் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வு ஒலியில் கட்டளைகளை ஒளித்து சிரி, கூகள், அலெக்சா எல்லாவற்றையும் ஏவிக் காட்டினார்கள். டால்பின் தாக்குதல் என்று அதற்குப் பெயர். 2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் தோக்கியோவின் மின்தொடர்புப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஒலியே இல்லாமல் லேசர் ஒளியை ஒலிவாங்கி மேல் அடித்துக் கட்டளை கொடுத்தார்கள். கூகள் ஹோம் ஸ்பீக்கர் 110 மீட்டர் தொலைவிலிருந்து பணிந்தது. மறு வருடம் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் மேஜைப் பலகை வழியாகவே கேட்காத ஒலியை அனுப்பினார்கள். போனின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, எஸ்எம்எஸ்ஸில் வந்த குறியீட்டை மெல்லப் படிக்க வைத்து, மேஜைக்கு அடியில் ஒளித்த கருவியால் கேட்டார்கள். 17 போன்களில் 15 இதற்கு ஏமாந்தன. மேஜை மேல் துணி விரித்திருந்தால் இது பலிப்பது கடினம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாட்டியின் குரோஷா விரிப்புக்கு இப்படியும் ஒரு மரியாதை.

இதற்கெல்லாம் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. டால்பின் வித்தை அந்தச் சோதனையில் அதிகபட்சம் 175 சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் பலித்தது. லேசருக்குக் குறி பிசகாமல் ஒலிவாங்கித் துளை மேல் அடிக்க வேண்டும். ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கிற உன்னைக் குறி வைத்து யாரும் லேசர் தூக்கி வரப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. வித்தை எதுவானாலும் எல்லாரும் நுழைகிற வாசல் ஒன்றுதான். கேட்டது யார் என்று உறுதி செய்யாமல் கீழ்ப்படிகிற உதவியாளர். லாக் ஸ்கிரீனில் அதை அடைத்துவிட்டால் ஆய்வுக்கூடத்துக்காரனுக்கும் பாசார் மாலாம் பிக்பாக்கெட்டுக்கும் சேர்த்தே கதவு சாத்தியாகிவிடுகிறது.

ஆய்வுக்கூடம் வரைகூடப் போக வேண்டாம், தொலைக்காட்சியே போதும். 2017 ஏப்ரலில் பர்கர் கிங் நிறுவனம் 15 விநாடி விளம்பரம் ஒன்று வெளியிட்டது. கடைசியில் நடிகர் ‘ஓகே கூகள்’ என்று சொல்லி, தங்கள் பர்கரைப் பற்றிக் கேட்பார். அமெரிக்காவில் வீடு வீடாக கூகள் ஸ்பீக்கர்கள் விழித்துக்கொண்டு விக்கிப்பீடியாவைப் படிக்கத் தொடங்கின. குறும்புக்காரர்கள் உடனே அந்த விக்கிப்பீடியா பக்கத்தில் புகுந்து பர்கரில் சயனைடு இருப்பதாக எழுதி வைத்தார்கள்! சில மணி நேரத்தில் கூகள் அந்த விளம்பரக் குரலை மட்டும் தடுத்தது. ஹாலில் ஆஸ்ட்ரோ நாடகமும் சமையலறையில் மின்னல் எஃப்எம்மும் காலை முதல் இரவு வரை ஓடுகிற வீடு நம்முடையது. சில நாள் போன் தானாகவே பேச ஆரம்பிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தானாக விழித்த போன் கேட்டதை என்ன செய்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. 2019 ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி செய்தி நிறுவனம், கூகள் அசிஸ்டென்ட்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளைக் கேட்டது. அவற்றில் 153, யாரும் கூப்பிடாமலேயே பதிவானவை. படுக்கையறைப் பேச்சும் குடும்பச் சண்டையும் அதில் இருந்தன. அதே மாதம், சிரியின் பதிவுகளையும் ஒப்பந்த ஊழியர்கள் கேட்கிறார்கள் என்று கார்டியன் பத்திரிகை எழுதியது. ஜிப் இழுக்கும் சத்தத்துக்கே சிரி விழித்துக்கொள்ளும் என்று உள்ளே வேலை செய்தவர் சொன்னார். ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு முறையை மாற்றியது. இது சம்பந்தமான வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 9.5 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க அது சம்மதித்த செய்தி 2025 ஜனவரியில் வெளிவந்தது. நீ செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. ஐபோனில் சிரி செட்டிங்ஸுக்குள் ‘சிரி அண்ட் டிக்டேஷன் ஹிஸ்டரி’ என்று இருக்கும், அதை அழி. கூகள் கணக்கில் ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்தில் குரல் பதிவுகளைப் பார்த்து அழிக்கலாம், இனிமேல் சேமிக்காதே என்றும் சொல்லலாம். ஒருமுறையாவது உன் பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பார். பின்னணியில் யார் யார் குரல் இருக்கிறது என்று கேட்டபிறகு உனக்கே அழிக்கத் தோன்றும்.

திரையின் மேல் மூலையையும் பார்த்துப் பழகு. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஐபோனில் ஒலிவாங்கி வேலை செய்தால் ஆரஞ்சுப் புள்ளி தெரியும். 2021-இன் ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சை அடையாளம். நீ யாரிடமும் பேசாதபோது அது எரிந்தால் மேலிருந்து திரையை இழுத்து எந்த ஆப் என்று பார். டார்ச் லைட் ஆப்புக்கும் பஞ்சாங்க ஆப்புக்கும் ஒலிவாங்கி எதற்கு? அனுமதியைப் பறித்துவிடு. அதைவிட மோசம் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஏபிகே கோப்புகள். திருமண அழைப்பிதழ் என்று வாட்சாப்பில் வந்த ஏபிகேயைத் தட்டிப் பணத்தை இழந்த கதைகள் நம் நாட்டில் எத்தனை! குரல் உதவியாளர் என்ற பெயரில் வந்தாலும் அதே கதைதான். ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி கேட்கிற எதையும் சந்தேகப்படு. திரையைப் படிக்கவும் உன் பேரில் பொத்தான்களை அழுத்தவும் அந்த ஓர் அனுமதி போதும்.

புதிய தலைவலி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பழைய உதவியாளர் சொன்னதைச் செய்யும். ஜெமினி மாதிரிப் புதியவை உன் மெயிலையும் காலண்டரையும் தாங்களே படித்துப் புரிந்துகொண்டு செய்கின்றன. 2025 ஆகஸ்ட்டில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஒரு காலண்டர் அழைப்புக்குள் ரகசியக் கட்டளையை எழுதி அனுப்பினார்கள். போன்காரர் ‘இன்றைக்கு என்ன வேலை’ என்று கேட்டுவிட்டுக் கடைசியில் ‘நன்றி’ சொன்னதும், வீட்டு விளக்கும் ஜன்னல் மூடியும் அவர்கள் விருப்பப்படி ஆடின. முன்கூட்டியே தகவல் பெற்ற கூகள் தடுப்புகளைச் சேர்த்திருக்கிறது. இருந்தாலும் முன்பின் தெரியாதவர் அனுப்பும் அழைப்புகள் தானாகக் காலண்டரில் ஏறாதபடி மாற்றி வை. ஜெமினிக்கு வாட்சாப், மெசேஜ் என எதோடெல்லாம் தொடர்பு கொடுத்திருக்கிறாய் என்றும் ஒருமுறை பார். பயன்படுத்தாத இணைப்பைத் துண்டி.

பார்வை குறைந்தவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் விஷயத்தில் மட்டும் என் சட்டத்தைத் தளர்த்துவேன். தனியாக இருக்கும் பாட்டி கீழே விழுந்துவிட்டால், பூட்டிய போனைக் குரலால் ஏவி மகனைக் கூப்பிட முடிவது உயிர் காக்கும் வசதி. அவர் போனில் அழைப்பை மட்டும் விட்டுவை. மெசேஜைப் படிப்பதையும் சொந்த விவரங்களையும் அணை. வங்கி ஆப்பையும் இ-வாலட்டையும் அந்தப் போனிலிருந்து எடுத்து வேறொரு போனுக்கு மாற்றினால் இன்னும் நிம்மதி. மற்றவர்களுக்கு, பூட்டிய திரையிலேயே அவசர அழைப்புப் பொத்தான் இருக்கிறது. 999-க்குக் கூப்பிட சிரியும் வேண்டாம் கூகளும் வேண்டாம்.

கடைசி விஷயம், இது உன் போனின் காதைப் பற்றியதல்ல, உன் காதைப் பற்றியது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், மூன்று விநாடிப் பதிவிலிருந்தே ஒருவர் குரலைப் போலி செய்யும் முறையை வெளியிட்டார்கள். டிக்டாக்கில் நீ போட்ட பாட்டு எத்தனை விநாடி? போலிக் குரலில் அழுது பணம் கேட்கும் மோசடிகளைப் பற்றி நம் போலீசின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை எச்சரித்து வருகிறது. ‘தங்கச்சி, ஆக்சிடென்ட் ஆகிடுச்சு, உடனே 3,000 வெள்ளி அனுப்பு’ என்று என் குரலிலேயே வந்தாலும் அனுப்பாதே. போனை வைத்துவிட்டு உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் என் நம்பருக்கு நீயே கூப்பிடு. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், பெரியப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். நாய் பெயர், பிறந்த ஊர் எல்லாம் வேண்டாம், முகநூலில் கிடக்கிறது. அந்தச் சொல்லை வாட்சாப்பில் அனுப்பவும் வேண்டாம், நேரில் சொன்னால் போதும். பணம் போடச் சொல்கிற கணக்கு எண்ணை ‘செமாக் மூல்’ தளத்தில் போட்டுப் பார். போலீசில் ஏற்கெனவே புகார் பதிவான கணக்கு என்றால் காட்டிவிடும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுது நேரத்தைக் கடத்தாதே. உடனே வங்கியின் அவசர எண்ணுக்கோ, 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-க்கோ கூப்பிடு. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்குவதுதான் அவர்கள் வேலை. போலீஸ் ரிப்போர்ட்டை அதன் பிறகு செய். 997 என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி இன்றைக்கே ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிடு, பெரியப்பா கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.